ட்ரெய்லர் டயர் பிரஷர் அலாரம் கத்துதா? எந்த அறிகுறிக்கு எங்க கைய வைக்கணும்

வண்டிக்குப் பின்னாடி ட்ராவல் ட்ரெய்லர் மாட்டி ஓட்டுறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், பின்னாடி ஒரு டயர் செத்தே போனாலும் ஸ்டியரிங்ல ஒண்ணுமே தெரியாது. அதுவும் ரெண்டு ஆக்சில் ட்ரெய்லர்னா பக்கத்து டயர் பாரத்தைத் தாங்கிகிட்டு பேசாம வந்துகிட்டே இருக்கும், கண்ணாடில ரப்பர் துண்டு பறக்கிறதப் பாத்தாத்தான் விஷயமே புரியும், அதுக்குள்ள கிழிஞ்ச டயர் சக்கரத்துக்கு மேல இருக்கிற தகரத்தையும் அடியில போற ஒயரையும் பைப்பையும் அடிச்சு நொறுக்கி வச்சிருக்கும். அதுக்காகத்தான் டிபிஎம்எஸ் மாட்டுறோம், அதாவது ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு சென்சார், டிரைவர் பக்கத்துல ஒரு திரை, காத்தும் சூடும் மாறினா கத்துற கருவி. மாட்டின ரெண்டாவது நாள்லேர்ந்து அது கத்த ஆரம்பிக்கும், எதுக்குக் கத்துதுன்னுதான் பாதி நேரம் புரியாது.

நான் ரொம்ப நாள் ஒரு தப்பு பண்ணிகிட்டு இருந்தேன். கத்தினா உடனே "சென்சார் பேட்டரி போச்சு போல"ன்னு சொல்லி மியூட் பண்ணிடுவேன். பத்துல எட்டு தடவை அது சரியாவும் இருந்துச்சு, ஒன்பதாவது தடவை ஒரு டயர் போச்சு, கூடவே கேஸ் லைனும் நசுங்குச்சு. அதுலேர்ந்து வரிசைய மாத்திட்டேன், முதல்ல டயரைச் சந்தேகப்படுவேன், அப்புறம்தான் சென்சாரை. கீழ இருக்கிறது எல்லாம் அந்த வரிசைல தான் இருக்கு, அவங்கவங்க அறிகுறியத் தேடி அங்க போய்க்கோங்க.

கைல இருக்க வேண்டியது: நல்ல கேஜ் ஒண்ணு (ட்ரெய்லர் டயர் 80 பிஎஸ்ஐ வரைக்கும் போகும், அதனால 100க்கு மேல காட்டுற கேஜா வாங்குங்க, சைக்கிள் பம்ப்ல வர்ற கேஜ் வேணாம்), சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல சோப்பு தண்ணி, தூரத்துலேர்ந்து சூடு பாக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், சென்சாருக்கு ரெண்டு பேட்டரி, வால்வு பின் கழட்டுற சாவி. அவ்வளவுதான்.

இன்னொண்ணு, குளிர்ந்த பிரஷர்னு நான் சொல்றது காலைல வெயில் படுறதுக்கு முன்னாடி, வண்டி குறைஞ்சது மூணு மணி நேரம் நின்னதுக்கப்புறம் பாக்கிற அளவு. இழுக்கிற வண்டிக்கு அந்த எண் டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கர்ல இருக்கும், பாரம் இழுக்கும்போது பின் டயருக்கு வேற அளவு வேணும்னா மேனுவல்ல தனியா போட்டிருப்பான். ட்ரெய்லருக்கு அதோட ஸ்டிக்கர்ல இருக்கும், பெரும்பாலான எஸ்டி டயருக்கு (ட்ரெய்லருக்குன்னே செய்யறது) பக்கவாட்டுல எழுதியிருக்கிற அதிகபட்ச அளவும் அதுவும் ஒண்ணாத்தான் இருக்கும், பாரம் தாங்குற வகை, அதாவது லோட் ரேஞ்ச், சி-னா 50, டி-னா 65, இ-னா 80 பிஎஸ்ஐ.

## அறிகுறி 1: ஒரே ஒரு டயர்ல காத்து கம்மின்னு அலாரம்

ஓடிகிட்டு இருக்கும்போது வந்தா, திரையில எண் எவ்ளோ வேகமா இறங்குதுன்னு ஒரு பார்வை பாருங்க. நிமிஷத்துக்கு ரெண்டு மூணுன்னு இறங்குதுன்னா யோசனையே வேணாம், பிரேக்க அழுத்தாம ஆக்சிலேட்டர மெதுவா விட்டு, முடிஞ்சவரைக்கும் ரோட்டுலேர்ந்து தள்ளி சமதரையா பாத்து நிறுத்துங்க. ஒரே எண்ல நின்னுகிட்டு கத்துதுன்னா அடுத்த பாதுகாப்பான இடம் வரைக்கும் மெதுவா போகலாம். அப்புறம் கேஜை எடுங்க.

### கேஜ்ல சரியா இருக்கு, திரையில மட்டும் கம்மி

மூடி மாதிரி வால்வு மேல திருகிற சென்சார்னா அது முழுசா திருகலைன்னாலே இப்படி ஆகும், உள்ள இருக்கிற முனை வால்வு பின்னை பாதி தான் அழுத்தியிருக்கும், அதனால அளவு கம்மியா காட்டும். கழட்டி திரும்ப மாட்டுங்க, கையால இறுகுற வரைக்கும் போதும், பிளையர் போடாதீங்க. அப்பவும் அப்படியே இருந்தா அந்த சென்சாரை இன்னொரு சக்கரத்துல மாட்டிப் பாருங்க. தப்பு சென்சாரோட கூடவே போச்சுன்னா சென்சார் தான் காலி, சக்கரத்துலயே நின்னுச்சுன்னா வால்வு பின் வளைஞ்சிருக்கு இல்ல உள்ள இறங்கி உக்காந்திருக்கு. வால்வு பின் மாத்துறது ரொம்ப சின்ன வேலை, ஆனா பின்னை எடுத்த உடனே காத்து மொத்தமும் போயிடும், கம்ப்ரஸர் பக்கத்துல இல்லாம அதத் தொடாதீங்க.

ரெண்டு மூணு பிஎஸ்ஐ வித்தியாசம்னா அத விட்டுடுங்க. உங்க கேஜும் பிழை காட்டும், சென்சாரும் காட்டும், ரெண்டுக்கும் நடுவுல சமாதானம் பேசி நேரத்த வீணாக்காதீங்க. எட்டு டயர்லயும் ஒரே மாதிரி ரெண்டு கம்மியா காட்டினா உங்க கேஜ் தான் கூட காட்டுதான்னு இன்னொரு கேஜ்ல ஒரு தடவ பாத்துக்கோங்க.

### கேஜ்லயும் கம்மியா தான் இருக்கு

இப்ப காத்து எங்க போகுதுன்னு கண்டுபிடிக்கணும். எல்லாரும் ஆணியத் தேடுவாங்க, நான் முதல்ல சென்சாரையே தான் பாப்பேன். ஏன்னா மூடி சென்சார் மாட்டின நிமிஷத்துலேர்ந்து வால்வு பின் திறந்தே தான் இருக்கு, உள்ள இருக்கிற காத்தைத் தடுத்து நிறுத்துறது அந்த சென்சாருக்குள்ள இருக்கிற சின்ன ரப்பர் வளையம் மட்டும் தான். அதுல ஒரு மணல் துகள் உக்காந்தாலும், வெயில்ல காஞ்சு வெடிச்சாலும், ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல கசியும். சோப்பு தண்ணிய சென்சார் அடியில அடிச்சு ஒரு நிமிஷம் பொறுங்க, நுரை பொங்கினா கழட்டி வளையத்தத் தொடைச்சு மாட்டுங்க, வெடிச்சிருந்தா மாத்துங்க.

அடுத்தது வால்வே. ரப்பர் வால்வு வச்ச சக்கரத்துல சென்சார் மாட்டியிருந்தா அங்கதான் பிரச்சினை வரும். சென்சாரோட கனம் சக்கரம் சுத்த சுத்த வால்வை வெளிப்பக்கமா இழுத்துகிட்டே இருக்கும், அடிப்பக்கம் ரப்பர்ல பிளவு விடும். வால்வ விரல்ல லேசா வளைச்சு அடியில சோப்பு தண்ணி அடிங்க, நிமிர்த்து வச்சா நின்னு போற கசிவு வளைச்சா வரும். சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐக்கு மேல தாங்காது, 80ல ஓடுற டயர்ல அது இருந்துச்சுன்னா சென்சார் இருந்தாலும் இல்லைன்னாலும் அது தப்பான வால்வு தான். நட்டு போட்டு இறுக்குற உலோக வால்வு மாத்தச் சொல்லுங்க, டயரை ரிம்லேர்ந்து இறக்கணும்கிறதால இது டயர் கடை வேலை. சென்சார்லயே காத்து அடிக்கிற துவாரம் இருக்கிற மாதிரி வாங்கியிருந்தா அது இன்னும் கனம், அதுக்கு உலோக வால்வு கட்டாயம்.

அதுவும் இல்லைன்னா டயர் முழுக்க சோப்பு தண்ணி அடிச்சு ஆணி, திருகு, அப்புறம் டயர் ரிம்ல உக்கார்ற ஓரம். ட்ரெய்லர் மாசக்கணக்கா நின்னுகிட்டே இருக்கிற பொருள், அதனால ஓரத்துல துரு பிடிச்சு அங்கேர்ந்து கசியுறது ரொம்ப சகஜம், வாரத்துக்கு மூணு நாலு பிஎஸ்ஐ போகும், ஆணியே கிடைக்காது. டயரை இறக்கி ஓரத்தச் சுத்தம் பண்ணினா தீந்துடும்.

பஞ்சர் ஒட்டும் ஸ்ப்ரே கையில இருந்தாலும் உள்ள சென்சார் இருக்கிற சக்கரத்துல அடிக்கறதுக்கு முன்னாடி யோசிங்க, அந்தப் பசை சென்சாரோட ஓட்டைய அடைச்சிடும். மூடி சென்சாரும் அதே கதை தான்.

### இங்க நீங்களே பாக்க வேணாம், ஆள கூப்பிடுங்க

டயர் பக்கவாட்டுல வெட்டோ வீக்கமோ இருந்தா, பாதி காத்துல எவ்ளோ தூரம் ஓடினோம்னு உங்களுக்கே தெரியலைன்னா, ரிம்ல கீறல் மாதிரி தெரிஞ்சா. காத்து இல்லாம ஓடின டயர் வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள பக்கவாட்டு நூல் அறுந்து போயிருக்கும், அதுக்குத் திரும்ப காத்து அடிக்கிறது ஆபத்து. ரெண்டு ஆக்சில்ல ஒரு டயர் வெடிச்சிருந்தா அதே பக்கத்துல இருக்கிற இன்னொரு டயரையும் காட்டுங்க, அது ரெண்டு பேர் பாரத்த சுமந்து வந்திருக்கு, வெளிய காயமே தெரியாம இருக்கும், அடுத்த நாள் அது போகும்.

## அறிகுறி 2: காலைல எழுந்து பாத்தா எல்லா டயரும் கம்மி

ஒண்ணும் ஆகலை, குளிர் தான். நேத்து மத்தியானம் 35 டிகிரி செல்சியஸ்ல 65னு காத்து அடிச்சு, ராத்திரி 10 டிகிரிக்கு இறங்கிச்சுன்னா காலைல அது 58, 59க்கு வந்து நிக்கும், 10 சதவீதத்துல அலாரம் வச்சிருந்தா சரியா அந்த எல்லைல தான் கத்தும். கணக்கு இவ்ளோதான்: 10 டிகிரி மாறினா 35 பிஎஸ்ஐ டயர்ல ஒண்ணே முக்கால் மாறும், 65ல கிட்டத்தட்ட மூணு, 80ல மூணே காலு. அதனால காருக்குப் பழகின கணக்க ட்ரெய்லருக்குப் போட்டு "இவ்ளோ இறங்குமா?"ன்னு பயப்படாதீங்க, பிரஷர் கூட இருந்தா மாற்றமும் கூட தான்.

அந்தக் குளிர்லயே கேஜ் வச்சு சரியான அளவுக்கு அடிச்சிடுங்க, அலாரத்தோட அடிப்படை எண்ணையும் அப்பவே வைங்க. மத்தியான வெயில்ல அடிப்படை எண் வச்சது தான் இந்தத் தொந்தரவுக்கு முக்கால்வாசி காரணம்.

இதுல ஒரே ஒரு டயர் மட்டும் மத்ததவிட நாலஞ்சு கூடுதலா இறங்கியிருந்தா அது குளிர் இல்ல, மேல அறிகுறி 1க்குப் போங்க.

## அறிகுறி 3: ஓட ஓட பிரஷர் ஏறிகிட்டே போகுது

காலைல 65, மத்தியானம் 76, அலாரம் வரப்போகுதேன்னு கை துடிக்கும். காத்தை இறக்கிடாதீங்க. டயருக்குள்ள 10 டிகிரில இருந்த காத்து 50 டிகிரி ஆனா அந்த 11 பிஎஸ்ஐ ஏறித்தான் ஆகணும், டயர் செய்யறவன் அதையும் கணக்குல வச்சுதான் குளிர்ந்த அளவுன்னு போட்டிருக்கான். சூட்டுல இறக்கினா ராத்திரி ஆறினதும் டயர் 54, 55ல நிக்கும், மறுநாள் அந்தக் கம்மி காத்துலயே ஓடி இன்னும் சூடாகும், அப்ப திரும்ப இறக்குவீங்க. ஒரு நண்பர் இத மூணு நாள் பண்ணினார், நாலாவது நாள் புது டயர் வாங்கினார்.

அலாரத்தோட மேல் எல்லைய குளிர்ந்த அளவுலேர்ந்து 20லேர்ந்து 25 சதவீதம் மேல வைங்க. வெயில் அடிக்கிற பக்கத்து டயர் எதிர்ப்பக்கத்தவிட ரெண்டு மூணு கூட காட்டும், ரோடு திரும்பினா அது மாறிடும். மலை ஏறும்போதும் கேஜ்ல கொஞ்சம் ஏறும், 300 மீட்டர் உயரத்துக்கு அரை பிஎஸ்ஐ கணக்கு.

குளிர்ந்த அளவு சரியா இருந்தும் எல்லாமே 20 சதவீதம் தாண்டுதுன்னா காத்துல கோளாறு இல்ல, ஓட்டுறதுலயும் ஏத்தின பாரத்துலயும் தான் கோளாறு. எஸ்டி டயர்ல வேற எதுவும் எழுதலைன்னா பழைய கணக்குப்படி மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல அதுக்கு அனுமதி கிடையாது, பக்கவாட்டுல வேக எழுத்து இருக்கான்னு பாருங்க. வேகத்தக் குறைச்சும் இறங்கலைன்னா தண்ணித் தொட்டி ரொம்பியிருக்கிற ட்ரெய்லரை எடை மேடைல ஏத்திப் பாருங்க, முடிஞ்சா ஒவ்வொரு சக்கரமா. நாம நினைக்கிற எடையும் மேடை காட்டுற எடையும் ஒத்துப்போய் நான் பாத்ததே இல்ல.

## அறிகுறி 4: ஒரு சக்கரம் மட்டும் சூடு

எல்லா அறிகுறிலயும் நான் பயப்படுறது இதுக்குத்தான். பிரஷர் அலாரம் பெரும்பாலும் டயரோட கதை, சூட்டு அலாரம் பிரேக்கோட கதையாவும் பேரிங்கோட கதையாவும் இருக்கலாம், பேரிங்னா சக்கரமே கழண்டு ஓடும்.

மூடி சென்சார் வெளிக்காத்துல தொங்கிகிட்டு இருக்கு, அதனால உள்ள சூடு அதுக்கு முழுசாத் தெரியாது, ரிம்முக்கு உள்ள இருக்கிற சென்சார் கூடுதலா காட்டும். ரெண்டு வகையயும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடாதீங்க. திரையில இருக்கிற எண்ணைவிட "மத்த சக்கரத்துக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம்"கிறது தான் முக்கியம். பெரும்பாலான கருவில அலாரம் 70 டிகிரில இருக்கும், நான் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன், ஒரு சக்கரம் தன் ஜோடியவிட 10, 15 டிகிரி தள்ளிப் போனாலே நிறுத்திடுவேன்.

நிறுத்தும்போது பிரேக் அதிகம் போடாம உருட்டி நிறுத்துங்க, இல்லைன்னா எல்லா பிரேக்கும் சூடாகி ஒண்ணும் புரியாது. இறங்கின உடனே தெர்மாமீட்டர எல்லா சக்கரத்துலயும் ஒரே இடத்துல, ஹப் (பேரிங் இருக்கிற சக்கரத்தோட மையம்) நடுவுல காட்டி எண்ணை எழுதிக்கோங்க, கையால தொடாதீங்க.

### ஹப் எல்லாம் ஒரே அளவு, டயர் மட்டும் சூடு

காத்து கம்மி. கேஜ் போடுங்க. சூடான டயர் பக்கத்து டயரவிட கம்மியா காட்டினா முதல்லேர்ந்தே அது கம்மி காத்துல தான் வந்திருக்கு. காத்து சரியா இருந்தா அந்தப் பக்கம் பாரம் கூடுதலா இருக்கு, சாமான்களை மாத்தி வைங்க. வெயில் பக்கமான்னும் பாத்துக்கோங்க.

### ஒரு ஹப் மட்டும் ரொம்ப சூடு

சமதரைல, இழுக்கிற வண்டியோட இணைப்பக் கழட்டாம, மத்த சக்கரத்துக்கு முட்டுக் கட்டை வச்சு, அந்தச் சக்கரத்த மட்டும் ஜாக்கில தூக்குங்க. ட்ரெய்லர்ல ஜாக்கி வைக்கிற இடம் எதுன்னு மேனுவல்ல பாத்துட்டு வைங்க, ஆக்சில் குழாய் நடுவுல வச்சா வளைஞ்சிடும். கையால சுத்திப் பாருங்க.

சுத்தவே மாட்டேங்குது, இல்ல கைய எடுத்ததும் டக்குனு நின்னுடுதுன்னா பிரேக் விடல. லேசா உரசுற சத்தம் வந்து ரெண்டு சுத்து சுத்தினா அது சாதாரணம். கரகரன்னு மாவரைக்கிற மாதிரி சத்தம் வந்தா பேரிங். மேலயும் கீழயும் கைய வச்சு முன்னபின்ன ஆட்டிப் பாருங்க, டக் டக்குனு ஆட்டம் தெரிஞ்சாலும் பேரிங் தான். ஹப் மூடியச் சுத்தி கிரீஸ் உருகி வழிஞ்சிருந்தா சுத்திப் பாக்கவே வேணாம்.

பேரிங்னு முடிவாச்சுன்னா அங்கேயே நிறுத்துங்க. "பத்து கிலோமீட்டர் தானே, மெதுவா போயிடலாம்"னு தோணும், வேணாம். மொபைல் மெக்கானிக்க வரவைங்க, இல்ல ட்ரெய்லரை ஏத்திட்டுப் போற வண்டிய கூப்பிடுங்க.

பிரேக்னா காரணம் ஒரு சக்கரத்துக்குள்ள இருக்கு: ஷூ ரொம்ப நெருக்கி வச்சிருக்கான், ஸ்ப்ரிங் உடைஞ்சிருக்கு, மேக்னட் கை துருப்பிடிச்சு திரும்பி வரல. சமீபத்துல தான் பிரேக் சரி பண்ணினீங்கன்னா நெருக்கி வச்சது தான், அட்ஜஸ்டர ரெண்டு பல் தளர்த்தினா தீரும், செஞ்சு பழக்கம் இருந்தா செய்யுங்க. டிரம்ம கழட்டணும்னா மெக்கானிக் தான்.

### எல்லா ஹப்பும் சூடு

இது ஒரு சக்கரத்தோட தப்பு இல்ல, முன்னாடிலேர்ந்து வருது. மின் பிரேக்னா ட்ரெய்லர் தானா கழண்டா பிரேக் பிடிக்க வைக்கிற அவசர நிறுத்தக் கம்பியோட ஊசி பாதி வெளிய வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா ட்ரெய்லர் பேட்டரிலேர்ந்து பிரேக் முழுசா பிடிச்சுகிட்டே வரும். அப்புறம் பிரேக் கன்ட்ரோலர்ல கெயின் (எவ்ளோ பலமா பிடிக்கணும்கிற அளவு) கூடுதலா வச்சிருக்கா, இணைப்பு பிளக்ல தண்ணி போயிருக்கா. இழுக்கிற வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னாடி தள்ளுறதால இயங்குற மெக்கானிக்கல் பிரேக்னா கை பிரேக் முழுசா இறக்கலையான்னு பாருங்க, சிரிக்காதீங்க, நானே ஒரு தடவ மூணு பல் மேல இருக்க ஓட்டியிருக்கேன்.

### ஒரு ஹப் மட்டும் குளிர்ச்சியா இருக்கு

இதை யாரும் பாக்க மாட்டாங்க. நாலுல மூணு இளஞ்சூடு, ஒண்ணு மட்டும் காத்து மாதிரி ஜில்லுனு இருந்தா அந்தச் சக்கரத்துல பிரேக் வேலையே செய்யல, மத்த மூணும் அதோட வேலையையும் சேத்து செய்யுது. ஒயர் அறுந்திருக்கலாம், இல்ல ஹப்புக்கு கிரீஸ் அடிக்கிறேன்னு அளவுக்கு மேல அடிச்சு அது கிரீஸ் தடுக்கிற சீலைத் தாண்டி பிரேக் ஷூல படிஞ்சிருக்கலாம். அப்படின்னா ஷூ மாத்தணும், கடைக்குப் போயிடுங்க.

## அறிகுறி 5: திரையில கோடு கோடா நிக்குது, சிக்னல் வரல

### ஒரே ஒரு சென்சார்

முதல்ல வண்டிய ஒரு மீட்டர் நகர்த்துங்க. நிக்கும்போது வால்வு எந்தப் பக்கம் இருக்கோ அதைப் பொறுத்து ரிம்மும் ஆக்சிலும் சிக்னல மறைக்கும், கொஞ்சம் உருண்டா வந்துடும். நிறைய சென்சார் நின்னா தூங்கிடும், ஓடினாத்தான் எழுந்திருக்கும், அதுக்கும் இது தான் மருந்து.

வரலைன்னா பேட்டரி. மூடி சென்சார்ல பெரும்பாலும் சிஆர்1632 மாதிரி காசு பேட்டரி தான், குளிர்ல சக்தி குறைஞ்சு காலைல மட்டும் காணாம போகும், மத்தியானம் நல்ல பிள்ளை மாதிரி வேலை செய்யும், அப்படி நடந்தா பேட்டரி கடைசி மூச்சுல இருக்குன்னு அர்த்தம். புதுசு போட்டும் உயிர் வரலைன்னா பேட்டரிய ஒரு துணியால நல்லா தேய்ச்சுத் தொடைங்க, குழந்தைங்க விழுங்காம இருக்க சில பேட்டரில கசப்புப் பூச்சு இருக்கும், அது தொடுற இடத்துல படிஞ்சு மின்சாரத்தத் தடுக்கும். நான் இதுக்காக நல்ல சென்சார் ஒண்ணத் தூக்கிப் போட்டிருக்கேன்னு நினைச்சா இப்பவும் எரிச்சலா வருது. மூடியத் திரும்ப மாட்டும்போது அங்க இருக்கிற ரப்பர் வளையம் முறுக்கிக்காம பாருங்க, இல்லைன்னா மழையில தண்ணி போகும்.

ஒரு சில மாடல் பேட்டரி மாத்தினதும் திரும்ப அறிமுகப்படுத்தச் சொல்லும். ரிம்முக்குள்ள இருக்கிற கம்பெனி சென்சார்ல பேட்டரி மட்டும் மாத்த முடியாது, அஞ்சுலேர்ந்து பத்து வருஷம் வரும், அப்புறம் சென்சாரையே மாத்தணும்.

### ட்ரெய்லர் சென்சார் எல்லாமே ஒண்ணா போயிடுது

எல்லா பேட்டரியும் ஒரே நாள்ல சாகாது. ரிப்பீட்டர் (சென்சார் சிக்னல வாங்கி திரைக்குப் பலமா அனுப்புற பெட்டி) வச்சிருந்தீங்கன்னா அதுக்கு கரன்ட் வருதான்னு பாருங்க, பல பேர் அத ட்ரெய்லர் லைட் ஒயர்ல கோத்திருப்பாங்க, லைட் போட்டாத்தான் அதுக்கு உயிர், பகல்ல லைட் அணைச்சா எல்லாமே போயிடும். நேரா ட்ரெய்லர் பேட்டரில ஃபியூஸ் வச்சு கோத்துடுங்க, ட்ரெய்லரோட முன்பக்கத்துல, தகரப் பெட்டிக்குள்ள வைக்காம. ரிப்பீட்டரே இல்லாம நீளமான ட்ரெய்லர் இழுத்தீங்கன்னா பின் சக்கரம் விட்டு விட்டுத் தான் வரும், அத வாங்கிடுங்க.

அதெல்லாம் சரியா இருந்தும் விட்டு விட்டு வருதுன்னா, திரைய சார்ஜ் பண்ற யுஎஸ்பி அடாப்டரைப் பிடுங்கிட்டு உள் பேட்டரில ஓட விட்டுப் பாருங்க. மலிவான அடாப்டரும் டேஷ் கேமராவும் கிளப்புற இரைச்சல் சென்சார் பேசுற அதே அலைவரிசைல விழுந்து சத்தத்த மூடிடும். நான் ரெண்டு மாசம் சென்சார் மேல பழி போட்டுகிட்டு இருந்தேன், கடைசில குற்றவாளி அடாப்டர்.

புதுசா வாங்கின சென்சார் சேரவே மாட்டேங்குதுன்னா அலைவரிசையப் பாருங்க, 315 மெகாஹெர்ட்ஸ் கருவில 433 சென்சார் எத்தன தடவை முயற்சி பண்ணினாலும் சேராது.

## அறிகுறி 6: இடது டயர் கம்மின்னு காட்டுது, போய் பாத்தா வலது தான் கம்மி

சக்கரத்த இடம் மாத்திட்டு சென்சாரை இடம் மாத்தாம விட்டீங்க, இல்ல பேட்டரி மாத்தும்போது ரெண்டு மூடி கலந்துபோச்சு. ஒரு சென்சாரை மட்டும் கழட்டுங்க, திரையில எந்த இடம் பூஜ்யம் ஆகுதுன்னு பாருங்க, அப்படியே ஒவ்வொண்ணா. கண்டுபிடிச்சதும் மேல பெயின்ட் பேனாவால எண் எழுதிடுங்க.

## அறிகுறி 7: இழுக்கிற வண்டியோட டாஷ்போர்டு லைட் எரியுது

கிளப்பின உடனே ஒரு நிமிஷம் ஒண்ணரை நிமிஷம் மினுக்கிட்டு அப்புறம் நின்னு எரிஞ்சா சென்சாரோ சிஸ்டமோ கெட்டிருக்கு, டயர்ல காத்து இருக்கலாம். மினுக்காம நேரா எரிஞ்சா காத்து கம்மி. முதல் கேஸுக்கு ஸ்கேன் கருவி வச்சிருக்கிற கடை, ரெண்டாவதுக்கு கேஜ்.

ஆனா இந்த லைட்டை நம்பி பாரம் இழுக்காதீங்க. நிறைய வண்டில அது குறிச்ச அளவுலேர்ந்து 25 சதவீதம் இறங்கினாத்தான் எரியும், 36 வேணும்கிற டயர் 27க்கு வந்தப்புறம். ட்ரெய்லரோட மூக்கு பாரம் (முன்பக்க இணைப்புல இறங்குற எடை) வண்டியோட பின் ஆக்சில் மேல உக்காந்திருக்கும்போது 27ங்கிறது ரொம்ப லேட். ஏபிஎஸ் வச்சு சக்கர வேகத்த ஒப்பிட்டு கண்டுபிடிக்கிற வண்டின்னா இன்னும் மோசம், நாலு டயரும் ஒண்ணா மெதுவா இறங்கினா அதுக்கு வித்தியாசமே தெரியாது, காத்து அடிச்சதும் ரீசெட் பண்ணலைன்னா பழைய அளவையே பிடிச்சுகிட்டு இருக்கும்.

ட்ரெய்லர் மாட்டினதும் மட்டும் பின் டயருக்கு லைட் வருதுன்னா லேசா இருக்கும்போது போட்ட அளவுலயே இழுக்கிறீங்களான்னு பாருங்க, மேனுவல்ல பாரத்துக்குன்னு தனியா போட்ட அளவைத் தேடுங்க.

## அறிகுறி 8: சென்சாரைக் கழட்டவே வரல

வருஷக்கணக்கா திருகி வச்ச பித்தளை மூடி அலுமினிய வால்வுல ஒட்டிக்கும், உப்புக் காத்தும் மழையும் பட்டா கேக்கவே வேணாம். பலமா திருகினா வால்வே முறியும், மொத்த காத்தும் போகும். துரு இளக்குற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க விடுங்க, வால்வை ஒரு கையால அசையாம பிடிச்சுகிட்டு இறுக்குற பக்கம் ஒரு இம்மி திருப்பிட்டு அப்புறம் கழட்டுங்க. அசையலைன்னா டயர் கடைக்கு உருட்டிப் போயிடுங்க, காத்த இறக்கி வால்வோட சேத்து மாத்திடுவாங்க. ரோட்டோரத்துல இந்த வேலைய ஆரம்பிக்கவே கூடாது. திரும்ப மாட்டும்போது திருகுல மட்டும் துளி சிலிக்கான் கிரீஸ் தடவுங்க, ஓட்டைக்குள்ள போகாம, அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ சும்மாவாவது கழட்டி மாட்டுங்க.

சக்கரத்தையே கழட்டி மாட்டியிருந்தா நட்டை டார்க் ரென்ச்சால (இறுக்கத்த அளந்து காட்டுற சாவி) இறுக்கி, முதல் 16, 40, 80 கிலோமீட்டர்ல திரும்பப் பாருங்க, புது ரிம்ல நட்டு தளர வாய்ப்பு அதிகம்.

## அறிகுறி 9: ட்ரெய்லரக் கழட்டி விட்டுட்டு கடைக்குப் போனா அலாரம் நிக்க மாட்டேங்குது

தூரமா போனதும் சென்சார் காணோம்னு கத்துது, அவ்ளோதான். செட்டிங்ஸ்ல ட்ரெய்லரத் தனியா அணைக்கிற வசதி இருந்தா அணைங்க. ஆனா திரும்ப மாட்டும்போது அத ஆன் பண்ண மறந்துடுவீங்க, நானும் மறந்திருக்கேன், அதனால ட்ரெய்லர் இணைக்கும்போது சங்கிலி, பிளக், அவசரக் கம்பி பாக்கிற வரிசைல கடைசியா திரையப் பாக்குறதையும் சேத்துக்கோங்க: எத்தன சக்கரமோ அத்தன எண்ணும் தெரிஞ்சாத்தான் வண்டிய நகர்த்தணும்.